மூணு சைபர் சேர்த்துக்கோ

போன மாசம் ஷாலினி எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தா. ரிடையர் ஆனவளுக்குக் காலையில போன்ல வர்றதெல்லாம் ஒண்ணு பூ படம், இல்ல சாமி படம். இது ரெண்டும் இல்லாம ஒரு பிளட் ரிப்போர்ட்டா இருந்ததால கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பார்த்தேன். பிளேட்லெட்டுன்னு போட்டு, பக்கத்துல பச்சைக் கலர்ல "1.86 L"ன்னு இருந்துச்சு. கீழே அவ எழுதியிருந்தா: "அக்கா, புதுசா ஆப் வந்திருக்குது. இனிமே ரிசல்ட் எல்லாம் இப்படித்தான் போகுமாம். நம்ம ஜனங்க இத படிச்சிடுமா?"

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரி. அதோட லேபுலதான் என் சர்வீஸ் பூரா போச்சு. இப்போ அங்க என் நாற்காலியில உட்கார்ந்திருக்கறவதான் ஷாலினி. ரெண்டு பிள்ளைக்குத் தாய், வாய் கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா ஊசி போட்டா எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. நான் பதில் எழுதாம போன் போட்டுட்டேன்.

"அது இன்னாடி எல்லு?"

"லட்சம் அக்கா. லேக்குக்கு எல்லு."

"அது உனக்கும் எனக்கும். மூணு ஆள் டெஸ்ட் வச்சீங்களா?"

அவ சிரிச்சா. "அதெல்லாம் உங்க பெரிய டாக்டரோட போச்சு அக்கா. இது சென்னைக் கம்பெனி. அவங்களே எல்லாம் பார்த்திருப்பாங்க."

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. சென்னைக்காரன் பார்த்திருப்பான்னு நம்பித்தான் தொண்டூர்ல ஒருத்தி சாகக் கெடந்தா. ஷாலினி வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நடந்தது, அவளுக்கு அரைகுறையாத்தான் தெரியும். அன்னிக்குப் போன்ல அவளுக்குச் சொன்னத இங்க ஒழுங்குபண்ணி எழுதறேன். திட்டினத எல்லாம் எடுத்துட்டேன். சிலத மனசு வரல, அப்படியே விட்டுட்டேன்.

எங்க நைனாவுக்கு நான் டீச்சராவணும்னு ஆசை. என் மார்க்குக்கு அந்த ஆசை இல்ல. பாண்டிச்சேரியில லேப் டெக்னீசியன் படிப்புல சேர்த்துவிட்டாரு. அங்க கத்துக்கிட்டத சுருக்கமாச் சொல்றேன்: குத்தறப்ப கை நடுங்கக்கூடாது, நாத்தத்துக்கு மூக்கச் சுளிக்கக்கூடாது, அப்புறம் எண்ணணும். மெஷின் எல்லாம் வராத காலம். மைக்ரோஸ்கோப்புக்கு அடியில கட்டம் கட்டமா கோடு கிழிச்ச ஒரு கண்ணாடிச் சில்லு இருக்கும். ரத்தத்துல ஒரு துளிய எடுத்து நூறு பங்கு மருந்துத் தண்ணியில கலந்து அதுல விடணும். ரத்தம் உறைய உதவுற அணு இருக்குதே, பிளேட்லெட்டு, அது அந்தக் கட்டத்துக்குள்ள மினுக்கு மினுக்குன்னு புள்ளியாத் தெரியும். அத ஒத்தக் கண்ணால பார்த்து எண்ணணும். வந்த எண்ணிக்கைக்குப் பின்னாடி மூணு சைபர் போட்டா, ஒரு கடுகளவு ரத்தத்துல எத்தினி இருக்குதுன்னு கணக்கு. நான் இருநூத்துப் பத்து புள்ளி எண்ணினா ரிப்போர்ட்ல ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்னு போகும். ஊர்ல இருக்கறவங்க எல்லாம் தனம் ஒக்காந்து லட்சக்கணக்குல எண்ணறான்னு நெனைச்சுக்கிட்டு எனக்கு மரியாதை குடுத்தாங்க. நானும் வாயத் தொறக்கல.

ஆஸ்பத்திரியில சேர்ந்த புதுசுல என் மொத ரிப்போர்ட்ட பெரிய டாக்டர்கிட்ட எடுத்துக்கிட்டுப் போனேன். 210000ன்னு அழகா வரிசையா எழுதியிருந்தேன். பெரிய டாக்டர்னா ஆள் ஒண்ணும் பெருசு இல்ல, அவர் மகன் பின்னாடி சின்ன டாக்டரா வந்ததால இவர் பெரியவர் ஆனாரு. மூக்குப்பொடி வாசனை, நெத்தியில ஏத்திவிட்ட கண்ணாடி, சட்டைப் பையில சேப்பு பேனா. பேஷண்ட ஒரு வார்த்தை கடிஞ்சு பேசமாட்டாரு, அதுக்கும் சேர்த்து எங்கள வாங்கு வாங்குன்னு வாங்குவாரு. கோபம் வந்தா மட்டும் என்ன "தனம் அம்மாள்"னு கூப்பிடுவாரு.

"தனம் அம்மாள், இத படிங்க."

"ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் சார்."

"இன்னாத்துக்கு வெரல் வெச்சுப் படிச்சீங்க?"

"சைபர எண்ணினேன் சார்."

"எழுதின உங்களுக்கே வெரல் வேணும். நூத்தி மூணு டிகிரி காய்ச்சல்ல இருக்கறவன் எத வெப்பான்?"

சேப்பு பேனாவால குறுக்க ஒரு கோடு போட்டு, கீழே அவரே எழுதிக் காட்டினாரு. 2,10,000. அதுக்கும் கீழே எழுத்துல, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். நம்பர் பாக்கறவங்களுக்கு நம்பர், எழுத்துப் படிக்கறவங்களுக்கு எழுத்து, ரெண்டும் தெரியாதவங்களுக்குக் கவுண்டர்ல நான் வாயால சொல்லணும். இதுதான் எங்க ஆஸ்பத்திரி முறை.

கொஞ்ச நாள்ல நான் சொந்தமா ஒரு கால்குலேட்டர் வாங்கிட்டேன். தலை கால் புரியல. சிவப்பணு ஒருத்தருக்கு 47,83,250ன்னு எழுதிக்கிட்டுப் போய் நின்னேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தாரு.

"நாப்பத்தேழு லட்சம் சரி. இந்தக் கடைசியில நிக்கற இருநூத்தி அம்பது பேரு யாரு? உனக்குத் தெரிஞ்சவங்களா?"

"பெருக்கினா வந்துச்சு சார்."

"நீ எண்ணறதுல பத்து புள்ளி முன்ன பின்ன போகும். அத பெருக்கி கடைசி ஆள் வரைக்கும் கணக்குச் சொன்னா அதுக்குப் பேரு பொய். நாப்பத்தெட்டு லட்சம்னு எழுது, போ."

கால்குலேட்டர என் தங்கச்சிக்குக் குடுத்துட்டேன்.

அந்தச் சிவப்பணுவால அனந்தபுரத்துல ஒரு குடும்பமே ரெண்டாகப் பார்த்துச்சு. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒண்ணா டெஸ்டு குடுத்தாங்க. அவருக்கு ஐம்பத்திரண்டு லட்சம், அந்தம்மாவுக்கு நாப்பத்திமூணு. பொம்பளைங்களுக்கு இயற்கையிலயே கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், நாப்பத்திமூணுங்கறது நல்ல நம்பரு. அத யாரு கண்டது. மறுநாள் அந்தம்மாவோட தம்பி ரெண்டு சீட்டையும் ஆட்டிக்கிட்டு வந்துட்டாரு. "எங்க அக்காவுக்குச் சோறு போடாம ஒம்போது லட்சத்த உறிஞ்சிட்டான், நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க"ன்னு ஒரே ரகளை. பஞ்சாயத்துக்கு எங்க ரிப்போர்ட்டுதான் சாட்சி. பெரிய டாக்டர் நேர்ல அனந்தபுரம் போய் டீ குடிச்சுச் சமாதானம் பண்ணிட்டு வந்தாரு.

வந்தவுடனே ஒரு சட்டம் போட்டாரு. அதுதான் மூணு ஆள் டெஸ்டு. ரிப்போர்ட் சீட்டுல ஒரு எழுத்து மாத்தினாலும், ஆஸ்பத்திரி ஆள் இல்லாத மூணு பேர்கிட்டப் படிக்கக் குடுக்கணும். ரெண்டு பேரு பஸ்ஸ விட்டு எறங்கறவங்க, யார் வேணா இருக்கலாம். மூணாவது ஆள் நிரந்தரம், எதிர்த்தாப்பல பரோட்டாக் கடையில மாஸ்டரா இருந்த குப்பன். குப்பனுக்குப் படிக்கத் தெரியும், ஆனா படிச்சதுல தனக்குப் புடிச்சதத்தான் எடுத்துப்பாரு. எத நீட்டினாலும் அதிகாரமா தப்பாப் படிப்பாரு. பெரிய டாக்டர் சொல்வாரு, "குப்பன் தப்பா படிச்சா சீட்டு தப்பு. குப்பன் சரியா படிச்சுட்டா அதை நம்பாத, இன்னும் ஒருத்தரைப் பாரு."

அப்புறம் மெஷின் வந்துச்சு. தேங்காய் உடைச்சோம், குங்குமம் வெச்சோம், சென்சார் மேல வெக்காதீங்கன்னு இஞ்சினியர் கத்தினாரு. ஒத்தக் கண்ணால எண்ணி எண்ணி எனக்கு வந்திருந்த தலைவலி போச்சு, அதுக்கு நான் இன்னிக்கும் கும்பிடு போடுவேன். ஆனா அது வெளிநாட்டுச் சரக்கு. பிளேட்லெட்டு லட்சத்து எண்பத்தாறாயிரம்னா 186ன்னுதான் அடிக்கும். ஆயிரத்துல சொல்லுதாம், மீதிய நாமளே புரிஞ்சுக்கணுமாம். மாத்துங்கன்னு கம்பெனிக்கு பெரிய டாக்டர் எத்தினியோ தடவ சொல்லிப் பார்த்தாரு. உள்ள பூட்டியிருக்குது, மாத்த முடியாதுன்னுட்டாங்க.

டெங்கு சீசன் வேற. டிவிய போட்டா லட்சத்துக்குக் கீழ போனா ஆபத்துன்னு சொல்றான். இங்க எங்க சீட்டுல 186. ஒரு பெரியவரோட மூணு பசங்க கவுண்டர்லயே ஒக்காந்து ஒப்பாரி வெச்சுட்டாங்க. "எங்கப்பனுக்கு நூத்து எண்பத்தாறுதான் மிச்சம் இருக்குதாம்." அந்தப் பெரியவரு பெஞ்சுல ஒக்காந்து பன்னு தின்னுக்கிட்டு இவனுங்க ஏன் அழுவறானுங்கன்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு. சத்தம் கேட்டு ரோட்டுக்கு அந்தாண்டையிலிருந்து குப்பன் கரண்டியத் தூக்கிக் காட்டிக் கத்தினாரு: "மூணு சைபர் சேர்த்துக்கோடா, அழுவாத."

அவ்ளோதான். அது ஊர் வழக்கமா ஆயிடுச்சு. ஆட்டோக்காரரு சொன்னாரு, மருந்துக் கடையில சொன்னாங்க, பப்பாளி இலை விக்கற ஆயாகூட இலையோட சேர்த்து அதையும் சொல்லிச்சு. பிளேட்லெட்டா, மூணு சைபர் சேர்த்துக்கோ. பெரிய டாக்டருக்கே அதுல சந்தோஷம். கம்பெனிக்காரனுக்கு முடியாதத குப்பன் ஒரு கரண்டியில முடிச்சிட்டான்னாரு. செஞ்சி சுத்துவட்டாரமே வருஷக்கணக்குல அந்தக் கணக்குல ஒழுங்கா ஓடிச்சு.

நடுவுல சின்ன டாக்டர் பொறுப்புக்கு வந்தாரு. நல்ல புள்ளை, கெட்டிக்காரரு, எதையும் கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் அவருக்குத் தூக்கம் வரும். ரிப்போர்ட்டு இனிமே நேரா பேஷண்ட் போனுக்கே போகும்னு ஒரு சாஃப்ட்வேர் கொண்டாந்தாரு. அத மாட்ட சென்னையிலேர்ந்து வந்த தம்பி கழுத்துல கம்பெனி கார்டு பட்டைய மாட்டிக்கிட்டு எங்க லேபுல ஒரு நாள் ஒக்காந்திருந்தாரு. மெஷின் அடிக்கற 186அ ஜனங்களுக்குப் புரியற மாதிரி முழு நம்பரா மாத்திட்டேன்னு காட்டினாரு. 186000.

"கமா எங்க தம்பி?"

"கமா போட்டா ஃபீல்டு, அதான் நம்பர் விழற கட்டம், உடையும் மேடம்."

"உடையட்டும், ஒட்டிக்கலாம். எழுத்துல?"

"எழுத்தா? மேடம், உலகம் பூரா இப்படித்தான் போகுது."

"உலகம் பூரா போகட்டும். இங்க ஜனங்க மூணு சைபர் சேர்த்துப் பழகியிருக்குது."

"இனிமே சேர்க்க வேணாம்னு சொல்லிடுங்க" அப்படின்னுட்டு அவரு பிளக்கைப் புடுங்கி பையில வெச்சுக்கிட்டாரு. ஊருக்கே ஒரு வழக்கத்தச் சொல்லி மாத்தறது அவருக்கு பட்டன் அமுக்கற வேலை.

மூணு ஆள் டெஸ்டு வெக்கலாம்னு சின்ன டாக்டர்கிட்ட சொன்னேன். "அக்கா, குப்பன் பாஸ் பண்ணாத்தான் சாஃப்ட்வேரா"ன்னு சிரிச்சாரு. பெரிய டாக்டர் அப்போ கண்ணுல புரை எடுத்து வீட்டுல கட்டோட படுத்திருந்தாரு. அவர்கிட்ட போய்ச் சொல்ற நெலமை இல்ல.

அந்த வாரம் பூரா லேப்ல ஒரே சிரிப்புதான். காய்ச்சல் விட்டு வந்தவங்க எல்லாம் கோடீஸ்வரங்க. 200000 வந்தவரு மூணு சைபர் சேர்த்து, "மேடம் எனக்கு இருவது கோடி"ன்னு மீசைய முறுக்கறாரு. இன்னொருத்தரு தனக்கு முப்பது கோடின்னு பெருமையா அவருக்கு எதிர்த்தாப்பல ஒக்காந்திருக்கறாரு. நல்லா இருக்கறவங்க நம்பர ஊதிப் பெருசாக்கினா யாருக்கு நஷ்டம். சேர்க்க வேணாம்னு எடுத்துச் சொல்லி அனுப்பினோம். ரிப்போர்ட்ட வாங்க நேர்ல வந்தவங்களுக்குத்தானே அதையும் சொல்ல முடியும்.

அப்பதான் தொண்டூர் கன்னியப்பன் அவரு சம்சாரம் சசிகலாவக் கூட்டிக்கிட்டு வந்தாரு. மணிலாப் பயிரும், அதான் வேர்க்கடலை, ஒரு டிராக்டரும் வெச்சுக்கிட்டுப் பொழைக்கிற ஆளு. அந்தம்மாவுக்கு நாலஞ்சு நாளா காய்ச்சல், அன்னிக்குக் காலையில விட்டிருந்துச்சு. காய்ச்சல் விட்டுச்சுன்னா சரியாயிடுச்சுன்னுதான் யாரும் நெனைப்பாங்க. டெங்குல அப்படி இல்ல, காய்ச்சல் விடற நேரத்துலதான் பிளேட்லெட்டு சரசரன்னு எறங்கும். சின்ன டாக்டர் அத எடுத்துச் சொல்லித்தான் ரத்தத்துக்கு அனுப்பினாரு. "ஐம்பதாயிரத்துக்குக் கீழ வந்தா உடனே கூட்டிக்கிட்டு வந்துடணும்"னும் சொன்னாரு. கன்னியப்பன் தலைய ஆட்டினாரு. ரிப்போர்ட்டு போனுக்கே வரும்னு சொன்னதும் பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டாங்க.

மதியம் அந்த ட்யூப மெஷின்ல விட்டேன். 18னு காட்டிச்சு. கொறஞ்ச நம்பர் வந்தா எடுத்த எடுப்புல நம்பக்கூடாது, அது பெரிய டாக்டர் எனக்குள்ள அடிச்சு ஏத்தின பாடம். மொதல்ல ட்யூபுல குச்சிய விட்டுச் சுத்திப் பார்க்கணும், ரத்தம் எங்கயாவது கட்டியிருந்தா கணக்கு பொய்யாக் கொறையும். கட்டி இல்ல. ரெண்டாவது தடவ மெஷின்ல விட்டேன், 17ன்னுச்சு. ஒரு சொட்ட கண்ணாடியில இழுத்துச் சாயம் போட்டு ஓரத்துல தேடினேன். சில பேருக்கு அந்த ட்யூபு மருந்து ஒத்துக்காம பிளேட்லெட்டு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மெஷினுக்கு அது கண்ணுல படாது. ஒட்டவும் இல்ல. கடைசியா அலமாரியிலிருந்து அந்தப் பழைய கட்டம் போட்ட கண்ணாடிச் சில்ல எடுத்துத் தொடைச்சேன். கலந்தேன், விட்டேன், கண்ண வெச்சேன். இருநூறு முன்னூறு மினுக்கற எடத்துல அங்கொண்ணு இங்கொண்ணு. பதினெட்டு புள்ளி.

எழுந்து போன எடுக்கறப்பதான் ஞாபகம் வந்துச்சு. நான் சரிபார்க்கறதுக்கு முன்னாடியே, மொத தடவ மெஷின் எண்ணினப்பவே சாஃப்ட்வேர் ரிப்போர்ட்ட அனுப்பியிருக்கும். அப்படித்தான் அந்தத் தம்பி வெச்சுட்டுப் போயிருந்தாரு. 18000. சரி, பார்த்துட்டுக் கெளம்பியிருப்பாங்கன்னு நெனைச்சுக்கிட்டே போன் போட்டேன்.

"வணக்கம் மேடம்"னு கன்னியப்பன் குரலு கணீர்னு வந்துச்சு. "ரிப்போர்ட்டு வந்துடுச்சு மேடம். ரொம்ப சந்தோஷம். ஒரு கோடியே எம்பது லட்சம்."

பேர் மாறிடுச்சோன்னு ட்யூபுல ஒட்டியிருந்த பேர மறுபடி பார்த்தேன்.

"நாட்டுக்கோழி அடிச்சிருக்கோம்"னாரு. பின்னாடி எண்ணெயில ஏதோ பொரியற சத்தம் கேட்டுச்சு. "பாவம், நாலு நாளா கஞ்சிதானே குடிச்சா."

"இல்லீங்க, நீங்க தப்பாப் படிச்சிட்டீங்க. அது பதினெட்டாயிரம். ரொம்பக் கொறைவு. உடனே அவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க."

"நான் எங்க மேடம் தப்பாப் படிச்சேன்? பதினெட்டாயிரம், அதுக்கு மூணு சைபர். எங்க மச்சானுக்கு போன மாசம் உங்க லேபுல நூத்து எம்பதுன்னு வந்துச்சு, நீங்கதானே மூணு சைபர் சேர்த்துக்கச் சொன்னீங்க."

"இப்போ அந்த மூணு சைபர் அதுலயே இருக்குதுங்க. மாத்திட்டாங்க."

அவர் குரலே மாறிடுச்சு. "காலையில காய்ச்சலே இல்லன்னு நீங்கதான் எழுதினீங்க. இப்போ கோடி இருக்குதுன்னு சீட்டு குடுத்துட்டு ஆயிரந்தான்னு சொல்றீங்க. பெட்டு காலியா இருக்குதா மேடம்? எவன் கெடைப்பான்னு பாக்கறீங்களா?" வெச்சுட்டாரு.

அவரக் குத்தம் சொல்ல மாட்டேன். பிரைவேட் ஆஸ்பத்திரின்னா நானே அப்படித்தான் நெனைப்பேன். மறுபடி போட்டேன், பிஸி. எங்களப் பத்தி மச்சான்கிட்ட சொல்லிக்கிட்டு இருந்திருப்பாரு. சின்ன டாக்டர் ஒரு ஆபரேஷன்ல உள்ள இருந்தாரு. நர்சு, ஆம்புலன்ஸ தொண்டூருக்கு அனுப்பட்டுமான்னு கேட்டா. அனுப்புன்னுட்டேன், ஆனா அந்த ஆளு வண்டிய வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாரேன்னு எனக்குக் கவலை. கையில போன வெச்சுக்கிட்டு நிக்கறேன், மேஜையில மைக்ரோஸ்கோப்பு இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்குது. அடியில அந்தப் பதினெட்டு புள்ளி.

அப்பதான் எனக்கு உறைச்சுது. அவருக்குத் தெரிஞ்ச பாஷையில நான் பேசவே இல்ல. பதினெட்டாயிரம்னு நான் சொல்லச் சொல்ல அவருக்கு அது பெரிய நம்பரு. ஆயிரம்னாலே பெருசுதானே.

மூணாவது தடவ எடுத்தாரு. "இன்னா மேடம் உங்களுக்கு."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லிட்டு வெச்சுடுங்க. உங்க மச்சானுக்கு எத்தினின்னு வந்துச்சு?"

"நூத்து எம்பது."

"அவருக்கு நூத்து எம்பது. அதே கணக்குல உங்க சம்சாரத்துக்குப் பதினெட்டு."

எண்ணெய் பொரியற சத்தம் மட்டும் கேட்டுச்சு.

"பதினெட்டா?"

"பதினெட்டு. மெஷின நம்பாதீங்க. நான் என் கண்ணால எண்ணினேன். அவங்க பல்லு வெளக்கறப்ப ரத்தம் வந்துச்சான்னு கேளுங்க."

அவரு கேட்டது எனக்குக் கேட்டுச்சு. அந்தம்மா சொன்னதும் கேட்டுச்சு. "காத்தாலேர்ந்தே வருது. பிரஷ்ஷு குத்தியிருக்கும்னு விட்டுட்டேன்." போன் கீழே விழுந்துச்சு போல, அதுக்கப்புறம் யாரோ ஓடற சத்தந்தான்.

எங்க ஆம்புலன்ஸ் பாதி வழியில இருக்கறப்பவே எதிர்த்தாப்பல ஒரு லோடு வண்டியில வந்துட்டாங்க. சசிகலா நடந்துதான் எறங்கினா, ஆனா கையில பூரா சேப்புச் சேப்பாப் புள்ளி. கன்னியப்பன் கையில இன்னும் மஞ்சளும் மசாலாவும். ஒடனே விழுப்புரத்துல பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ரெண்டு மூணு நாளு அங்க உயிரு ஊசலாடிச்சு, வயித்துலயும் ரத்தம் கசிஞ்சுதாம். பொழைச்சுக்கிட்டா. அந்தச் சேதி வர்ற வரைக்கும் நான் சோத்தைப் பெசஞ்சு பெசஞ்சு வெச்சுட்டு எழுந்தேன்.

சேதி கேட்டு பெரிய டாக்டர் கறுப்புக் கண்ணாடியோட ஆட்டோவுல வந்து எறங்கினாரு. யாரையும் தனியாத் திட்டல. மகன் கையில போனக் குடுத்து, 18000ன்னு இருக்கற அந்த ரிப்போர்ட்டோட வாசல்ல நிக்கச் சொன்னாரு. மூணு ஆள் டெஸ்டு. மொதல்ல பஸ்ஸ விட்டு எறங்கின ஒரு காலேஜ் பொண்ணு. ஒரு செகண்டு பார்த்துட்டு, "ஒரு கோடியே எண்பது லட்சம், சூப்பர் அங்கிள்"னு சொல்லிட்டுப் போயிடுச்சு. ரெண்டாவது ஒரு பேங்க்காரரு, அவரும் மூணு சைபர் சேர்த்தாரு. சின்ன டாக்டர் மூஞ்சி சுண்டிப் போச்சு. மூணாவதா குப்பன வரச் சொன்னாங்க. அவரு கையத் தொடைச்சுக்கிட்டு வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "பதினெட்டாயிரம். கொறைவாச்சே, யாருக்கு?"ன்னாரு. அவர் வாழ்க்கையில சரியாப் படிச்சது அது ஒண்ணுதான்.

பெரிய டாக்டர் கறுப்புக் கண்ணாடிய நெத்தியில ஏத்தினாரு. "இன்னும் ஒருத்தரைப் பாரு"ன்னாரு.

அதுக்கப்புறம் கமாவும் வந்துச்சு, எழுத்தும் வந்துச்சு. ஃபீல்டு ஒண்ணும் ஒடையல. கொறஞ்ச நம்பரா இருந்தா லேப்ல பார்த்து முடிக்கற வரைக்கும் வெளிய போகாது, வாயால சொல்லிட்டுத்தான் அனுப்பணும்னு ஆச்சு. கீழே ஒரு வரி, "மிகக் குறைவு, உடனே வரவும்". நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு எழுதறது டாக்டர் வேலை, லேபு எழுதக்கூடாதுன்னு அத்தினி வருஷமா பிடிவாதமா இருந்த பெரிய டாக்டர், அந்த வரிய அவரே சொல்லி அடிக்க வெச்சாரு. இப்போ அவரும் இல்ல, குப்பனும் மகளோட திருப்பூருக்குப் போயிட்டாரு. ஆப்பு வந்து எல்லாத்தையும் தொடைச்சுட்டுப் பச்சைக் கலர்ல எல்லு போட்டிருக்குது.

இவ்ளோத்தையும் ஷாலினிகிட்ட சொல்லி முடிச்சதும், "சரி அக்கா, யார்கிட்ட டெஸ்டு வெக்கறது"ன்னு கேட்டா. கன்னியப்பன் நம்பர் என்கிட்ட இருக்குது. வருஷா வருஷம் மணிலா அறுத்ததும் எனக்கு ஒரு பை வந்துடும். மூணு பேரும் வீடியோவுல சேர்ந்தோம். ஷாலினி அந்தப் படத்த அனுப்பிப் படிக்கச் சொன்னா.

அவரு போன கிட்ட கொண்டுபோயி, எட்ட கொண்டுபோயிப் பார்த்தாரு. "ஒண்ணே முக்காலுக்கு மேல... லிட்டரு. ஏம்மா, ஒரு ஆள்கிட்ட டெஸ்டுக்கு இவ்ளோ ரத்தமா உறிஞ்சறீங்க?"

ஷாலினி விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கும் சிரிப்புதான். "ஏங்க, சைபர் எதுவும் சேர்க்கலையா?"ன்னு சீண்டினேன்.

"நான் இப்பல்லாம் எதுக்கும் எதையும் சேர்க்கறதில்ல மேடம்"னாரு.

பக்கத்துலேர்ந்து சசிகலா மூஞ்சி உள்ள வந்துச்சு. நல்லா பூசினாப்பல இருக்கறா. "கோழியும் சேர்க்கறதில்ல, கேளுங்க. காய்ச்சல் வந்தது எனக்கு, நான் நல்லாத் திங்கறேன். இவருதான் அன்னியிலேர்ந்து தொடறதில்ல. வீட்டுல கொழம்பு கொதிச்சாலே எழுந்து வெளிய போயிடறாரு. கேட்டா, அந்த வாசனை வந்தாலே நீங்க போன்ல பதினெட்டுன்னு சொன்னது காதுல கேக்குதாம்."

கன்னியப்பன் போன வேற பக்கம் திருப்பிட்டாரு. செவுரும் காலண்டரும்தான் தெரிஞ்சுது.

ஷாலினியோட சிரிப்பு நின்னுபோச்சு. "அக்கா, மீதி ரெண்டு பேருக்கு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்"னு சொல்லிட்டு வெச்சா.